கொட்டகைக்குள் வெள்ளை வேட்டி

பெண்ணிடம் முதல் வார்த்தையாக என்ன பேசுவது என்று கருணாகரன் மூன்று வாரமாகக் கோழிகளிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க" என்று மட்டும் சொன்னால் கடைக்காரன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. "சௌக்கியமா இருக்கீங்களா" என்றால், முன்னே பின்னே பார்த்திராதவளிடம் அதென்ன சௌக்கியம் என்று தோன்றியது. அன்று காலை தீவனத் தொட்டியில் தவிட்டையும் சோளக் குருணையையும் கொட்டிக்கொண்டே, "வழி கண்டுபிடிக்கச் செரமமா இருந்துச்சா?" என்று ஒரு பெட்டையைப் பார்த்துக் கேட்டான். இது பரவாயில்லை. அக்கறையும் இருக்கிறது, அதிகப்பிரசங்கித்தனமும் இல்லை. நாற்பத்திரண்டு வயசு ஆளுக்கு இதைவிட நல்ல வாக்கியம் எங்கே கிடைக்கும்? அதையே நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்தான். கோழிகள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. தெங்கேராவிலிருந்து கோகிலாவின் அண்ணனும் அண்ணியும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பெண் வருவது வழக்கமில்லை. ஆனால் குடியிருக்கப் போவது நான்தானே, நானே பார்க்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். முப்பத்து நான்கு வயசு வரைக்கும் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு, அம்மா போனபிறகு ஒரு டோபிக் கடையில் இஸ்திரி போட்டுக் கொண்டிருக்கிறவள். அவள் பேச்சை அண்ணனால் தட்ட முடியவில்லை. வருகிறவர்களுக்குப் பிடித்துவிட்டால் கை நனைப்பார்கள், அதாவது இலை போட்டுச் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். இன்னும் ஒன்பது நாளில் புரட்டாசி பிறந்துவிடும், அப்புறம் பேச்சே கிடையாது. ஆகவே அன்று மத்தியானம் மூன்று இலை விழுந்தால் கருணாகரனுக்கு ஒரு துணை உண்டு. விழாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

காஜா பேராங்கில் செட்டிக் கம்போங் என்கிற குடியிருப்பைத் தாண்டி, வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தக் கோழிப் பண்ணை. யுத்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை, ரப்பர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், ஆசை ஆசையாய் நான்கு கட்டடங்களைக் கட்டினான். முட்டைக் கோழிகளுக்கு நூறடி நீளத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கொட்டகை. முழங்கால் உயரத்துக்குச் சிமெண்டுத் தூண் நிறுத்தி, அதன்மேல் பலகைத் தளம், இடுப்பளவு பலகைச் சுவர், அதற்குமேல் கம்பி வலை, நடுவே ஒரு கம்பித் தடுப்பும் கதவும். குஞ்சுகளுக்குத் தகரக் கூரையோடு இன்னொன்று. முட்டைகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து அடுக்கி வைக்க ஒரு சின்ன அறை. நான்காவதுதான் விசேஷம். குஞ்சு பொரிக்கிற மெஷினுக்காகக் கட்டிய செங்கல் வீடு. சூடும் குளிரும் உள்ளே போகக்கூடாது என்று ஒன்றரை அடிச் சுவர் வைத்து, மூன்று படி பூமிக்குள் இறக்கி, ஜன்னலே இல்லாமல், கூரையடியில் கையளவு காற்றுத் துவாரங்கள் மட்டும் விட்டிருந்தான். வாசலுக்குமேல் சிமெண்டில் 1934 என்று எழுதியும் வைத்தான். மெஷினை ஜப்பான்காரன் இரும்புக்காகத் தூக்கிக்கொண்டு போனான், துரை அதற்கு முன்பே போய்விட்டிருந்தான். இப்போது குஞ்சுகள் சிங்கப்பூரிலிருந்து பெட்டியில் வருகின்றன. குஞ்சு பொரிக்கிற வீட்டில் பத்து வருஷமாகக் கருணாகரன் குடியிருக்கிறான்.

பண்ணையை வாங்கி நடத்துகிற தம்பிராஜா பிள்ளை செட்டிக் கம்போங்காரர். நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே வரமாட்டார், கோயில் திருவிழாவில் ஒரு நாள் தவறமாட்டார். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அவர் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே தமிழ் அந்த வீட்டைவிட்டுப் போய்விட்டது. அவர் மனைவி சாரதாம்பாள் சாரோங் கெபாயா கட்டிக்கொண்டு கருணாகரனுக்குக் கறிக்குழம்பு கொடுத்துவிடுவாள், இது கெட்டுப்போவதற்குள் சாப்பிடு என்று மலாயில் சொல்வாள். நல்ல மனுஷர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமி ஒன்று, பாஷைதான் வேறு. கருணாகரனும் பாசார் மலாயில், கடைத்தெருப் பேச்சில், பதில் சொல்லிச் சமாளித்துக்கொள்வான். ஆனால் ஒரு நாளைக்கு அவன் பேசுகிற தமிழ் அத்தனையும் கோழிகளுக்குத்தான் போய்ச்சேர்ந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போக, அங்கிருந்து பிழைத்துத் திரும்பி வந்தபோது லயத்து வீட்டில் பெண்டாட்டி இல்லை. காய்ச்சலில் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது, அவளைப் புதைத்த இடத்தைக்கூட யாருக்கும் சரியாகக் காட்டத் தெரியவில்லை. அதற்குமேல் அந்தத் தோட்டத்தில் அவனால் ஒரு ராத்திரியும் இருக்க முடியவில்லை.

வளர்ப்பது வெள்ளை லெகார்ன் ஜாதி. வருஷத்துக்கு இருநூறு முட்டைக்குக் குறையாமல் போடும், ஆனால் பயந்தாங்கொள்ளி என்றால் அப்படியொரு பயந்தாங்கொள்ளி. புதுசாக ஏதாவது கண்ணில் பட்டால் போதும், மொத்தக் கூட்டமும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மேலே ஏறியது பிழைக்கும், அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் சாகும். அதற்குப் பண்ணையில் குவிவது என்று பெயர். அதனால் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கொட்டகைக்குள் போகிற ஆள் காக்கி உடுத்தியிருக்க வேண்டும். கதவை இரண்டு தட்டுத் தட்டி, "பா... பா..." என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெளி ஆட்களுக்காகவே வாசல் ஆணியில் ஒரு காக்கிக் கோட்டு தொங்கியது. ஊசி போட வருகிற கால்நடை டாக்டரும் அதைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார், தம்பிராஜா பிள்ளையும் அப்படித்தான். கருணாகரன் மட்டும் அந்தக் கோட்டைத் தொட்டதில்லை. அவனுக்கு எதற்கு? விடிந்தால் காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, படுக்கிற வரைக்கும் அதேதான். மெர்டேக்கா ராத்திரி ஊரெல்லாம் பட்டாசு வெடித்தபோது அவன் கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து விடிய விடியத் தாலாட்டுப் பாடினான். ஒன்றுகூடச் சாகவில்லை. நம்மை அவை அடையாளம் தெரிந்து வைத்திருக்கின்றன என்று அவனுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

பதினொரு மணிக்கு இரண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார்கள். அண்ணன் ராஜரத்தினம் பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர், யாரைப் பார்த்தாலும் மீதிச் சில்லறை வரவேண்டியிருக்கிற மாதிரி ஒரு பார்வை. அண்ணி விஜயா குடையை மடக்காமலே நான்கு பக்கமும் பார்த்தாள். பின்னால் கோகிலா, கிளிப்பச்சைப் பட்டுச் சேலையில். இஸ்திரி போட்டுப் போட்டு வலது கை மட்டும் கொஞ்சம் திரண்டிருந்தது, அதை மறைக்கிற உத்தேசமே இல்லாமல் நின்றாள். கருணாகரனுக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. புது மல்லு வேட்டியும் முழுக்கை வெள்ளைச் சட்டையுமாக அவன் நின்றிருந்தான். மூன்று வாரத்து வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் ராஜரத்தினம், வழியெல்லாம் ஒரே சேறு, ரிக்‌ஷாக்காரன் அரை வெள்ளி கூடக் கேட்கிறான் என்று ஆரம்பித்துவிட்டார். வழியைப் பற்றி இனிமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

முதலில் வீட்டைக் காட்டினான். படியிறங்கி உள்ளே போனதும் விஜயா சுற்றிச் சுற்றி ஜன்னலைத் தேடினாள், தேடுவதை எல்லாரும் பார்க்கும்படித் தேடினாள். கோகிலா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. நாள் முழுக்கக் கரி நெருப்போடு நிற்கிறவளுக்கு அந்தக் குளிர்ச்சி எப்படி இருந்திருக்கும் என்று கருணாகரனுக்கு அப்புறம்தான் தோன்றியது. "மத்தியானத்துல படுத்தா நல்லாத் தூக்கம் வரும் அண்ணி" என்றாள் அவள். அண்ணி இன்னும் ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் கருணாகரன் தரையில் இல்லை. பக்கத்தில் தம்பிராஜா பிள்ளையின் பெரிய வீட்டு அடுக்களையிலிருந்து சாரதாம்பாள் தாளிக்கிற வாசனை வேறு வந்துகொண்டிருந்தது. நடந்துவிடும் என்றே நினைத்தான்.

அப்புறம் கொட்டகை. தம்பிராஜா பிள்ளையும் கூட வந்தார். இவ்வளவு கோழிக்கும் ஒரே ஆளா என்று ராஜரத்தினம் கேட்டார். ஐநூறு இருக்கும் என்று கருணாகரன் சொன்னதும் அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. அது போதாதா? நம்ம ஆள் பேச ஆரம்பித்துவிட்டான். குவிவது பற்றிச் சொன்னான், கோட்டைக் காட்டினான், அது இல்லாமல் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது என்று அழுத்திச் சொன்னான். பத்து வருஷமாக எவனெவனுக்கோ சொல்லிச் சொல்லி அவன் வாயில் ஊறிப்போன பேச்சு.

"அப்ப நீங்க?" என்று கேட்டாள் கோகிலா.

அவள் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு ராஜரத்தினத்தைப் பார்த்துச் சொன்னான். "என்னை அதுங்களுக்குத் தெரியும்ங்க. நான் போனா அசையாதுங்க."

சொல்லிவிட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டினான். "பா... பா..." என்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று அவன் குனிந்து பார்க்கவில்லை. பத்து வருஷம் ஒரே துணியைப் போட்டவன் எதற்குக் குனிந்து பார்ப்பான்? வாசலில் நின்ற தம்பிராஜா பிள்ளைக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்த இருநூற்றைம்பது தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. தட்டு அவனுடையது, குரல் அவனுடையது, ஆனால் வந்திருப்பது வேறு யாரோ. தாங்களே வெள்ளையாக இருந்துகொண்டு அவை அந்த வெள்ளைக்கு அப்படி மிரண்டன.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவும் மேற்கு மூலைக்கு ஓடின. ஒரு நிமிஷத்துக்குள் இடுப்பளவுக்குக் குவியல். கருணாகரன் பாய்ந்துபோய் மேலிருந்து இரண்டு இரண்டாகப் பிடித்துப் பின்னால் எறிந்தான். எறிந்தவை அவனைப் பார்த்ததும் திரும்பவும் குவியலுக்கே ஓடின. அவன் எத்தனை வேகமாகக் கை வீசினானோ அத்தனை வேகமாக அந்தச் சட்டை படபடத்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மீதிப் பாதிக் கோழிகள் கழுத்தை நீட்டிக்கொண்டு, ஓடலாமா வேண்டாமா என்று நின்றன. அப்போது வாசலில் பச்சை நிறம் தெரிந்தது. கோகிலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உதவிக்கு உள்ளே காலை வைத்துவிட்டாள்.

"வெளிய போ!" என்று கத்தினான் கருணாகரன். "உள்ள வராத, போ!"

வாங்க போங்க எதுவும் இல்லை. அவன் தொண்டையிலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று அவனுக்கே தெரியாது. அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். வைத்த காலை எடுத்தாள், வாசல் கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்தினாள். தம்பிராஜா பிள்ளை கதவு இடுக்கு வழியாகக் காக்கிக் கோட்டை உள்ளே எறிந்தார். கருணாகரன் வேட்டியையும் சட்டையையும் கழற்றி வீசிவிட்டு, உள்கால்சட்டைக்குமேல் அதை மாட்டிக்கொண்டு குவியலுக்குப் போனான். அதுதான் கொடுமை. கோட்டைப் போட்டதும் கோழிகள் அடங்கத் தொடங்கின. கோட்டு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து நின்று இறகை உதறிக்கொண்டன. மூலையில் மீதி இருந்தவை எழுந்திருக்கவில்லை. எடுத்து வரிசையாகக் கிடத்தினான். அறுபத்து மூன்று.

அவன் வெளியே வந்தபோது ரிக்‌ஷாக்களைக் காணவில்லை. ராஜரத்தினம் மலாயில் மரியாதையாகத்தான் பேசிவிட்டுப் போனாராம், யோசித்துச் சொல்கிறோம் என்றாராம். முதல்முதலாக வாசல் மிதித்த அன்றைக்கே இத்தனை உயிர் போயிருக்கிறது, இதைவிட வேறு என்ன சகுனம் வேண்டும் என்று விஜயாவும் மலாயிலேயே கேட்டதைச் சாரதாம்பாள் அவனிடம் சொல்லவில்லை. அது அவனுக்கு அப்புறம் வேறு வழியாகத் தெரியவந்தது. நறுக்கி வைத்திருந்த வாழையிலைகள் நறுக்கியபடியே கிடந்தன. "தாப்பா லா, கருணா" என்றார் தம்பிராஜா பிள்ளை. பரவாயில்லை என்று கோழிகளுக்குச் சொன்னாரா, மற்றதற்குச் சொன்னாரா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. வயலோரம் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, அறுபத்து மூன்றையும் புதைத்தான். சாரதாம்பாள் ஒரு இலையை மட்டும் போட்டு அவனைக் கூப்பிட்டாள். உட்கார்ந்தான். நல்ல சாப்பாடு. இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அவன் வேலை செய்தான், தீவனம் போட்டான், முட்டை பொறுக்கினான். ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடம் பேசுவது? பத்து வருஷம் இவற்றோடு சம்சாரமே நடத்தியிருக்கிறான். நொண்டிப் பெட்டைக்குத் தனியாக அரிசி போட்டிருக்கிறான், பெண்டாட்டியின் பெயரை யாரிடமும் சொல்லாதவன் இவற்றிடம் சொல்லியிருக்கிறான். அவை பார்த்துக்கொண்டிருந்தது ஒரு காக்கித் துணியை. உள்ளே யார் இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். அதை நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது, முட்டைக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழவும் செய்தான். கல்யாணம் தட்டிப்போனதைக்கூட அவன் அப்படியும் இப்படியும் மனசுக்குச் சொல்லிச் சரிக்கட்டிவிடுவான். ஆனால் மூன்று வாரம் தேடித் தேடி வைத்திருந்து, கடைசியில் அந்தப் பெண்ணிடம் பேசிய முதல் வார்த்தை "வெளிய போ" என்றாகிவிட்டதே, அதை எங்கே போய்ச் சரிக்கட்டுவது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கொட்டகையில் கறைபட்ட வெள்ளைச் சட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தான். காக்கிச் சட்டையோடேதான் போனான். டோபிக் கடையில் முதலாளி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தார், முன்னால் மேசையருகே கோகிலா மட்டும் நின்றாள். அவள் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, சட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, திரும்ப மடித்து அவன் பக்கம் தள்ளினாள்.

"இது போகாதுங்க. வீணாக் காசு எதுக்கு."

வேலை முடிந்துவிட்டது, போகவேண்டியதுதான். அவன் போகவில்லை. மேசையில் கிடந்த யாருடைய கால்சட்டையையோ பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு நீங்க பச்சச் சேல கட்டியிருந்தீங்க. தடுப்புக்கு அந்தாண்ட இன்னும் பாதி நின்னுச்சு. புதுக் கலரப் பாத்தா அதுங்களும் குவிஞ்சிரும். அதனாலதான் கத்திட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

அவள் வேறு யாருடையதோ ஒரு சட்டையின் கையைத் தேய்த்து முடித்து, அதைப் புரட்டிப் போட்டாள். அண்ணன் சகுனம் சரியில்லை என்கிறார் என்று நிமிராமலே சொன்னாள். அவன் தலையாட்டினான். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

"எத்தன செத்துச்சு?"

"அறுபத்தி மூணு."

"நான் வெளிய போனதுனால எத்தன பொழச்சுச்சு?"

இதை அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. தம்பிராஜா பிள்ளை கேட்கவில்லை, அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஐநூறில் அறுபத்து மூன்றைக் கழிக்க எவ்வளவு நேரமாகும்? சொல்லிவிடலாம். ஆனால் ஐநூறு என்பதே வாய்வார்த்தைக்குச் சொல்கிற கணக்கு. அவளிடம் போய் உத்தேசமாக ஒன்றைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"எண்ணல" என்றான்.

"செத்தத மட்டும் எண்ணி வச்சிருக்கீங்க." இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து இரண்டு கரித்துண்டைப் போட்டாள், ஊதினாள், மூடினாள். "எண்ணிட்டு வந்து சொல்லுங்க."

கேலியாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா என்று அவள் முகத்தில் தேடினான். புகைக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. காஜா பேராங்குக்குப் பாதி வழி வந்தபிறகு, வந்து சொல்லுங்கள் என்றால் வரச் சொன்னதாகத்தானே அர்த்தம் என்று நடுரோட்டில் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்து ஏதோ வைதுவிட்டுப் போனான். அவள் அண்ணன் சரி என்று சொல்லவில்லை. சொல்லாமலே போகலாம். அதெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் கோழிகள் அடைகிற நேரத்துக்குக் கொட்டகைக்குப் போனான். குறுக்குக் கட்டைகளில் ஏறி வரிசையாக உட்கார்ந்த பிறகு எண்ணுவது சுலபம். கதவருகே தொடங்கினான். இருபது ஆனதும் தூணில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு நகர்ந்தான். தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கும் போனான். இருநூற்றுப் பதினெட்டில் ஒரு பெட்டை இடம் பிடிக்காமல் குதித்து, அடுத்த கட்டைக்குப் பறந்து, அங்கிருந்த ஐந்தாறை நெட்டித் தள்ளி, மூன்று வரிசையையும் கலைத்துவிட்டது. கருணாகரன் அதை ஒன்றும் திட்டவில்லை. போட்ட கோடுகளையெல்லாம் உள்ளங்கையால் அழித்துக்கொண்டே கதவு வரைக்கும் திரும்பி வந்து, ஒன்று, இரண்டு என்று மறுபடியும் ஆரம்பித்தான். வெளியே வயல் மறைந்துவிட்டது, கூரையும் தூண்களும்கூட மங்கிக்கொண்டு வந்தன. கோழிகள் மட்டும் வெள்ளை வெள்ளையாக இன்னும் தெரிந்தன.